குறுக்கே வீசும் காற்றும் விமானியின் இரு கால்களும்

1909 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. பிரான்சின் கலே நகருக்கு அருகிலிருந்து விடியற்காலையில் கிளம்பிய லூயி பிளேரியோ, சுமார் 36 நிமிடத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, டோவர் கோட்டையை ஒட்டிய புல்வெளிக்கு மேலே வந்துவிட்டார். கீழே சரிவான நிலம். முறையின்றி வீசிய காற்று விமானத்தை அலைக்கழித்தது. ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தில் அவர் என்ஜினை நிறுத்தினார். விமானம் விழுவது போல இறங்கியது. சக்கரத் தாங்கி நொறுங்கியது, விசிறி உடைந்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கால்வாயை விமானத்தில் கடந்த முதல் மனிதர் என்று உலகம் கொண்டாடியது. டெய்லி மெயில் நாளிதழ் அறிவித்திருந்த 1,000 பவுன் பரிசும் கிடைத்தது. உடைந்த சக்கரத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

எனக்கு அந்தச் சக்கரம்தான் முக்கியமாகப் படுகிறது. பிளேரியோ வடிவமைத்த பதினோராம் எண் விமானத்தின் முன்சக்கரங்கள் இரண்டும், தள்ளுவண்டியின் சக்கரங்களைப் போல, தாமாகப் பக்கவாட்டில் திரும்பக்கூடியவை. காற்று குறுக்கே வீசினால் விமானத்தின் மூக்கு ஒரு திசையிலும் அதன் போக்கு வேறொரு திசையிலும் இருக்கும், அப்படியே தரையைத் தொட வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததற்கேற்ப ஒரு கருவியைப் பொருத்தியும் வைத்திருந்தார். விமானம் பறக்கத் தொடங்கிய ஆறாவது ஆண்டிலேயே இந்தப் பிரச்சினைக்கு விடை தேடியாகிவிட்டது. அப்படியிருக்க, இன்றும் உலகின் சிறு விமானத் தளங்களில் பயிற்சி விமானங்கள் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் பாய்வதும், மூக்குச் சக்கரம் மடங்கி நிற்பதும் ஏன் ஓயவில்லை?

விபத்து விசாரணை அறிக்கைகளில் இதற்கு ஒரு வாடிக்கையான பதில் உண்டு. குறுக்குக் காற்றில் தரையிறங்கும்போது விமானி திசைக் கட்டுப்பாட்டை இழந்தார் என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சற்றே மாறும் சொற்களில் ஆண்டுதோறும் எழுதிவருகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக் கதையின் கடைசி வரி மட்டுமே அது. முந்தைய வரிகளையும் படித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் காற்றைக் கணக்கில் கொள்வோம். ஓடுபாதைக்கு நேர் எதிரே வீசும் காற்று விமானிக்குத் தோழன். தரைக்கு ஒப்பான வேகத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. செங்குத்தாகக் குறுக்கே வீசினால் முழுப் பலத்தோடும் பக்கவாட்டில் தள்ளும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணங்களில் கணக்கு சற்று ஏமாற்றும். 20 நாட் காற்று ஓடுபாதைக்கு 30 பாகைச் சாய்வில் வீசினால் பக்கவாட்டுத் தள்ளல் 10 நாட். 45 பாகை என்றால் 14. 60 பாகையிலேயே 17 ஆகிவிடும். பாதிக் கோணத்தில் பாதிக் காற்று என்று நினைத்தவர் ஏமாந்துபோவார். அதனால்தான் விமானிகள் கடிகார முகத்தை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். 15 பாகை கால் மணி, கால் பங்கு காற்று. 30 பாகை அரை மணி, அரைப் பங்கு. 45 பாகை முக்கால். 60 பாகையைத் தாண்டினால் முழுக் காற்றும் குறுக்கே வீசுவதாகவே கொள். விமானி அறையில், இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது, இந்தக் கணக்கு போதும்.

ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆகவே 15 நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி படபடக்கும் காற்று, அவ்வளவுதான். பெரிய பயணிகள் விமானத்தின் விமானி இதை ஒரு பொருட்டாக எண்ணமாட்டார். அவர் 140 நாட் வேகத்தில் வருகிறார்; 15 நாட் பக்கக் காற்றைச் சமாளிக்க மூக்கை 6 பாகை திருப்பினால் போதும். செஸ்னா 172 வகைச் சிறு விமானம் இறங்க வருவது சுமார் 65 நாட் வேகத்தில். அதற்கு 13 பாகை தேவை. அதன் மொத்த எடையோ ஒரு டன்னை ஒட்டியது. ஆக, அதே காற்று சிறியவனுக்கு இரண்டு மடங்குக்கும் மேலான கோணமாகிறது. சிறு விமானம் ஓட்டுவது எளிது, பெரியதுதான் கடினம் என்ற பொது எண்ணம் குறுக்குக் காற்றில் தலைகீழாகிவிடுகிறது.

மூக்கைத் திருப்புவது என்றேனே, அதை ஆற்றில் ஓடம் தள்ளுபவர் எவரும் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். கொள்ளிடத்தில் தண்ணீர் வேகமாக ஓடும்போது எதிர்க்கரைத் துறைக்கு நேராக ஓடத்தைச் செலுத்தினால், கீழே எங்கோ போய்ச் சேரும். ஓடக்காரர் முகப்பை நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்த்தே பிடிப்பார்; ஓடம் கோணலாக நகர்ந்து நேரே துறைக்குப் போகும். விமானமும் அப்படியே காற்றின் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு, கோணலாகவே, ஓடுபாதையின் நடுக்கோட்டின் மேல் வருகிறது. விமானிகள் இதற்கு நண்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஓடக்காரருக்கு இல்லாத தொல்லை ஒன்று விமானிக்கு உண்டு. ஓடம் கோணலாகக் கரை தட்டினாலும் குற்றமில்லை. விமானத்துக்குச் சக்கரங்கள் இருக்கின்றன. அவை முன்னோக்கி மட்டுமே உருளும். கோணலாகத் தரையைத் தொட்டால் டயர் பக்கவாட்டில் இழுபடும், தாங்கியின் கால் வளையும், விமானம் மூக்கு பார்த்த திசையில் பாயும்.

ஆகவே தொடுவதற்கு முந்தைய நொடியில் மூக்கை நேராக்க வேண்டும். கால்மிதியால் சுக்கானை அழுத்தினால் மூக்கு நேராகிறது. ஆனால் நேரானவுடனே காற்று விமானத்தை ஓரமாகத் தள்ளத் தொடங்கும். அதைத் தடுக்கக் காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். கையும் காலும் எதிரெதிராக வேலை செய்கின்றன. காற்றுப் பக்கத்துச் சக்கரம் முதலில் தொடும், அடுத்தது பிறகு, மூக்குச் சக்கரம் கடைசியில். சிலர் தூரத்திலிருந்தே இறக்கையைத் தாழ்த்தியபடி வருகிறார்கள். சிலர் நண்டாக வந்து கடைசியில் மாறுகிறார்கள். எது மேல் என்ற வாதம் விமானிகளிடையே தீராதது. கற்றுக்கொள்பவருக்கு முதல் முறையே நல்லது என்பது என் எண்ணம். சுக்கானை முழுதும் அழுத்தியும் மூக்கு நேராகவில்லை என்றால், இன்றைய காற்று இந்த விமானத்துக்கு அதிகம் என்ற செய்தி இன்னும் உயரம் கையில் இருக்கும்போதே கிடைத்துவிடுகிறது. இரண்டாவது முறையில் அந்தச் செய்தி தரைக்கு ஓர் ஆள் உயரத்தில்தான் வந்து சேரும்.

தொட்ட பிறகு

பெரும்பாலான அறிக்கைகள் சொல்லும் கதை ஒரே மாதிரியானது. தொடுவதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கும். சக்கரம் தரையைத் தட்டியதும் மாணவர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார், கை தளர்கிறது, தாழ்ந்திருந்த இறக்கையைச் சமன் செய்துவிடுகிறார். அந்த நொடியில் திடீரென ஒரு காற்று வீச்சு வருகிறது. விமானம் இன்னும் பாதி பறந்துகொண்டுதான் இருக்கிறது. எடையில் ஒரு பங்கை இறக்கை சுமக்கிறது. மிச்சம்தான் சக்கரத்தில், அதனால் டயருக்குப் பிடிப்பு குறைவு. மறுபக்கம் சுக்கானின் பலமும் தேய்கிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் சுக்கானின் பலம் கால் பங்காகிவிடும். காற்றும் முழுதாகத் தாங்கவில்லை, தரையும் முழுதாகப் பிடிக்கவில்லை. இந்த இடைவெளி சில நொடிதான், விபத்து அதற்குள்தான் நடக்கிறது.

நெட்டுக்குத்தாக நிற்கும் வாலைக் காற்று தள்ளும். மூக்கு காற்றின் பக்கம் திரும்பும். விமானி பதறி எதிர்ப்புறம் மிதிக்கிறார், தேவைக்கு மேல் மிதிக்கிறார், விமானம் மறுபுறம் பாய்கிறது. காற்றுப் பக்கத்து இறக்கை எழும்புகிறது, மறு இறக்கையின் நுனி தரையைக் கீறுகிறது. ஓடுபாதையின் ஓர விளக்கு ஒன்று நொறுங்க, விமானம் புல்லுக்குள் இறங்கி, மூக்குச் சக்கரம் மண்ணில் புதைந்து மடங்குகிறது. விசிறியின் இலைகள் வளைந்துபோகின்றன. உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறந்து நடந்து வருகிறார்கள்.

நடந்து வருவதால்தான் இந்த விபத்துக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை என்று நினைக்கிறேன். சிறு விமான விபத்துகளை ஆண்டுதோறும் தொகுக்கும் அமெரிக்க விமானிகள் சங்கத்தின் பாதுகாப்பு அமைப்பு, விமானியால் நேரும் விபத்துகளில் எண்ணிக்கையில் முதலிடம் தரையிறக்கத்துக்கே என்று திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. உயிரிழப்பில் அதன் பங்கு மிகச் சிறியது. ஆனால் சேதம் சிறியதல்ல. சுழலும் விசிறி தரையில் அடித்துவிட்டால் என்ஜினைப் பிரித்து உள்ளே பார்த்தே ஆக வேண்டும். நான்கைந்து விமானம் வைத்திருக்கும் பயிற்சிப் பள்ளிக்கு ஒன்று முடங்கினால் மாணவர்களின் பல மாதம் போய்விடும். உயிர் போகும் விதமும் ஒன்று இருக்கிறது. ஓடுபாதையை விட்டு விலகும்போது பதறிப்போய் முழு விசை கொடுத்து, போதுமான வேகம் சேருமுன் மூக்கைத் தூக்குவது. தாழ்ந்த உயரத்தில் இறக்கை தூக்குவிசையை இழந்தால் விமானம் ஒருபுறம் புரண்டு விழும். புல்லில் பாய்ந்து நிற்கும் விமானத்தில் பிழைத்திருக்க வேண்டியவர்கள் அங்கே இறந்துபோகிறார்கள்.

வட்டத் திடலிலிருந்து ஒற்றைக் கோட்டுக்கு

தொடக்கக் காலத்தில் விமானத் தளம் என்பது ஒரு பெரிய புல் திடல், அவ்வளவுதான். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அதை எதிர்கொண்டு இறங்கலாம். குறுக்குக் காற்று என்ற சொல்லுக்கே அங்கே பெரிதாக வேலை இல்லை. விமானங்கள் கனத்து, மழையில் புல் சேறானதும், கெட்டியான பாதை போட வேண்டியதாயிற்று. பாதை போட்டதும் திசை வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் கட்டிய குண்டுவீச்சு விமானத் தளங்களின் வடிவத்தில் இந்தக் கவலை அப்படியே தெரியும். 2,000 கெஜ நீளத்தில் ஒரு பாதை, 1,400 கெஜத்தில் இரண்டு, மூன்றும் முக்கோணமாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். மூன்று பாதைக்கு ஆறு திசை. எந்தக் காற்றானாலும் 30 பாகை அளவுக்குள் ஒரு பாதை கிடைத்துவிடும்.

போர் முடிந்தது. தளங்கள் பல பொது விமானப் போக்குவரத்துக்கு வந்தன. மூன்று பாதையைப் பராமரிக்க யார் பணம் தருவது? ஒன்றை நீட்டினார்கள், மற்றவை விமானம் நிறுத்துமிடமாயின, கிடங்காயின, புல் மண்டின. இன்று பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் பதினான்காம் இணைப்பு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது: ஆண்டின் 95 விழுக்காட்டு நேரமாவது குறுக்குக் காற்று வரம்புக்குள் இருக்குமாறு ஓடுபாதைகள் அமைய வேண்டும். அந்த வரம்பு, 1,500 மீட்டரும் அதற்கு மேலும் பாதை கேட்கும் விமானங்களுக்குப் பொதுவாக 20 நாட். 1,200 முதல் 1,500 மீட்டர் கேட்பவற்றுக்கு 13 நாட். அதற்கும் குறைவாகக் கேட்கும் சிறியவற்றுக்கு 10 நாட். சிறு விமானம் குறுக்குக் காற்றுக்கு நலிந்தது என்பதை விதி எழுதியவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். அவர்களே ஒப்புக்கொண்ட மிச்ச 5 விழுக்காட்டையும் பாருங்கள். ஆண்டுக்கு 18 நாள் அளவு நேரம். அந்த நேரத்தில் பாதையின் குறை விமானியின் காலுக்கு மாற்றப்படுகிறது.

தமிழ்நாட்டில் திருச்சி, மதுரை இரண்டுக்கும் ஓடுபாதை கிழக்கு மேற்காக ஒன்றே. கோயம்புத்தூரில் வடகிழக்கு தென்மேற்காக ஒன்று. நம் நிலத்தின் இரண்டு பெரும் பருவக் காற்றுகளும் ஏறக்குறைய இந்தத் திசைகளிலேயே வருவதால் ஒற்றைப் பாதை பெரும்பாலும் ஈடுகொடுத்துவிடுகிறது. ஆனால் காற்றுக்கு வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்தவர்கள் நாம். நாலு பெயர் வைத்தது நாலு திசையிலிருந்தும் வீசுவதால்தான். சென்னையில் கோடைக்காலக் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் கிழக்குப் பக்கத்துக்கு மாறிவிடும். காலையில் கிளம்பும்போது பார்த்த காற்றையே நம்பித் திரும்பி வருபவருக்கு அது சங்கடம். மீனம்பாக்கத்தில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு பாதைகள் இருக்கின்றன என்பதை வசதியாக மட்டுமல்ல, பாதுகாப்பாகவும் எண்ண வேண்டும்.

சக்கரத்தை மாற்றிப் பார்த்தார்கள்

பாதை சுருங்கச் சுருங்கப் பொறியாளர்கள் சக்கரத்தின் பக்கம் திரும்பினார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பழைய விமானங்களுக்கு இரண்டு பெரிய சக்கரம் முன்னே, ஒரு சிறு சக்கரம் வாலடியில். எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் விழும். கைவண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள்; ஒரு சாண் கோணினால் போதும், மீதியை வண்டியே திருப்பிக்கொள்ளும். வால் சக்கர விமானமும் அப்படியே. சற்று விலகினால் பின்பாரம் அந்த விலகலை இன்னும் பெரிதாக்கித் தரையிலேயே வட்டமடிக்க வைக்கும். மூன்றாவது சக்கரத்தை மூக்கடிக்குக் கொண்டுவந்ததும் எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் வந்தது. கோணலாகத் தொட்டாலும் விமானம் தானாக நேராகப் பார்க்கிறது. செஸ்னா நிறுவனம் தன் வால் சக்கர 170ஐ மூக்குச் சக்கரத்துக்கு மாற்றி 1956இல் 172 என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றுவரை 44,000க்கும் மேல் கட்டப்பட்டு, உலகில் மிக அதிகம் தயாரிக்கப்பட்ட விமானம் என்ற பெயர் அதற்கு. பாதுகாப்புக்கு எந்த ஒரு சிறு மாற்றம் அதிகம் உதவியது என்று கேட்டால் இதையே சொல்வேன்.

இதைவிடத் துணிந்தவர்களும் இருந்தார்கள். ஃபிரெட் வெயிக் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்து 1940இல் சான்று பெற்ற எர்கூப் என்ற இருவர் விமானத்தில் சுக்கானுக்குக் கால்மிதியே கிடையாது. கார் ஓட்டுவது போல ஒரு சக்கரத்தைத் திருப்பினால் எல்லாம் திரும்பும். அப்படியானால் குறுக்குக் காற்றில் மூக்கை எப்படி நேராக்குவது? நேராக்கவே வேண்டாம். கோணலாக அப்படியே தொடலாம். அந்த அடியைத் தாங்கும்படி சக்கரத் தாங்கியைச் செய்திருந்தார் வெயிக். தொட்டதும் விமானம் தானே உதறி நேராகிக்கொள்ளும். ஜான் கீஸ் என்பவர் பிளேரியோவின் எண்ணத்தையே மறுபடி எடுத்து, பெரிய சக்கரங்கள் தேவைக்குத் திரும்பும் அமைப்பைச் செய்தார். செஸ்னாவின் சில மாதிரிகளில் அது விரும்பிக் கேட்பவர்களுக்குப் பொருத்தப்பட்டது. பெரியவற்றில் பி-52 குண்டுவீச்சு விமானம் இன்றும் சக்கரங்களைக் காற்றுக்கேற்ப 20 பாகைவரை திருப்பிக்கொண்டு கோணலாகவே இறங்குகிறது.

இவ்வளவு இருந்தும் திரும்பும் சக்கரம் சிறு விமானங்களில் நிலைக்கவில்லை. எடை கூடியது, விலை கூடியது, தரையில் ஊர்ந்து செல்லும்போது விமானம் தன்னிச்சையாகப் பக்கம் போயிற்று. மூக்குச் சக்கரமே போதும் என்ற எண்ணமும் வந்துவிட்டது. அது போதாது. மூக்குச் சக்கர விமானத்தை அதிக வேகத்தோடு கொண்டுவந்து, இறங்க மறுக்கும் அதைக் கையால் அழுத்தித் தரையில் ஒட்டவைத்தால், பாரமெல்லாம் மூக்குச் சக்கரத்துக்குப் போகும். பின் சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி எப்படிச் சுழலும் என்று சிமெண்டு சுமந்த எவரையும் கேட்கலாம். வீச்சுக் காற்றுள்ள நாளில் வேகத்தைக் கூட்டிக்கொள்வது வழக்கம் என்பதால் இந்த ஆபத்து அதே நாளில்தான் நெருங்கி வருகிறது. காற்று 12 நாட், வீச்சு 22 என்றால் இடைவெளியில் பாதியை, அதாவது 5 நாட்டைக் கூட்டலாம் என்பது பயிற்சியில் சொல்லித்தரும் அளவு. பயத்தில் 10 கூட்டுகிறார்கள். 65 நாட்டுக்குப் பதில் 75 என்றால் அடக்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

15 என்ற எண்

செஸ்னா 172இன் கையேட்டில் குறுக்குக் காற்றுக்கு நேரே 15 நாட் என்று போட்டிருக்கும். மாணவர்கள் பெரும்பாலும் அதைச் சட்டம் என்றே படிக்கிறார்கள். அது சட்டமில்லை, செய்துகாட்டப்பட்ட அதிக அளவு. சான்று பெறும் சோதனையின்போது நிறுவனத்தின் தேர்ந்த விமானி இந்தக் காற்றில் இறங்கிக் காட்டினார் என்பதே அதன் பொருள். விமானத்தின் எல்லை அதற்கு மேலும் இருக்கலாம். கற்றுக்கொள்பவரின் எல்லை அதற்கு வெகு கீழே இருக்கும். இந்த வகை விமானங்களுக்கான பழைய அமெரிக்க விதி கேட்டதும் சிறிய அளவே: தூக்குவிசை இழக்கும் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த வேகம் 50 நாட் என்றால் 10 நாட் குறுக்குக் காற்றில் அடங்கி நடந்தால் போதும். அமெரிக்க விதிப்படி செய்யப்படும் காற்றுப்பை 15 நாட் காற்றில் முழுதாக நீண்டு நிற்கும். ஆக, காற்றுப்பை ஓடுபாதைக்குக் குறுக்கே விறைத்து நிற்பதைக் கண்டால், இந்த விமானத்தின் கையேடு முடிந்துவிட்டது என்று பொருள். எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணாலேயே படிக்கக்கூடிய எச்சரிக்கை அது.

இந்த எண்ணின் குழப்பம் சிறியவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை 2008 மார்ச் 1 அன்று ஹாம்பர்க் நகரம் பார்த்தது. எம்மா என்ற புயல் வீசிக்கொண்டிருந்தது. மியூனிக்கிலிருந்து வந்த லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ320 விமானம் 23ஆம் எண் பாதையில் இறங்க முயன்றது. காற்று 300 பாகையிலிருந்து 33 நாட், வீச்சு 47. பாதையின் திசை ஏறக்குறைய 230 பாகை. ஆகவே வீச்சின்போது குறுக்கே தள்ளியது சுமார் 44 நாட். அந்த வகை விமானத்துக்குச் செய்துகாட்டப்பட்டது 33, வீச்சில் 38. இடது சக்கரம் தொட்டு எழும்பியது, இடது இறக்கையின் நுனி தரையில் உரசியது, விமானிகள் விசை கொடுத்து மேலெழுந்துவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை. அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. பிறகு அவர்கள் எங்கே இறங்கினார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதே விமான நிலையத்தின் 33ஆம் எண் பாதையில். அங்கே காற்று 30 பாகைச் சாய்வு மட்டுமே. கடிகாரக் கணக்கில் பாதி. செய்துகாட்டப்பட்ட அளவு என்ற சொல்லை விமானிகள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று விசாரித்த ஜெர்மன் அமைப்பு கண்டறிந்து சொன்னது. சொல்லின் தெளிவின்மையும் விபத்துக்குக் காரணமாகலாம் என்று ஒரு விசாரணை ஒப்புக்கொண்டதை நான் பெரிய நேர்மையாக மதிக்கிறேன்.

அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று டென்வரில் கான்டினென்டல் நிறுவனத்தின் போயிங் 737 விமானம், புறப்படும் ஓட்டத்திலேயே இடது பக்கமாகப் பாதையை விட்டு ஓடித் தீப்பற்றியது. உள்ளே இருந்த 115 பேரும் உயிர் தப்பினார்கள். கோபுரம் சொன்ன காற்று 27 நாட். ஓடுபாதையில் விமானத்தைத் தாக்கிய வீச்சு 45. தலைமை விமானி சுக்கானிலிருந்து காலைத் தளர்த்தியதுதான் காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியது. அதோடு நிற்கவில்லை. கையில் இருந்த காற்றுத் தகவலை விமானிக்குத் தரக் கட்டுப்பாட்டு முறை கட்டாயப்படுத்தவில்லை, பயிற்சிப் பொறிகள் உண்மையான வீச்சுக் காற்றைக் காட்டுவதில்லை, ஆகவே குறுக்குக் காற்றுப் பயிற்சியே போதாது என்றும் சேர்த்துச் சொன்னது. இது பெரிய விமானம், புறப்பாடு. நம் பொருளுக்குச் சற்று அப்பால்தான். ஆனால் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவரின் பயிற்சியே போதவில்லை என்றால், 40 மணி நேரத்தில் தனியார் உரிமம் பெறுபவரின் நிலை என்ன என்ற கேள்வியை விலக்க முடியாது.

காலுக்கு யார் கற்றுத்தந்தார்கள்?

பாதை ஒன்றாயிற்று, சக்கரம் பழையபடி நிலைத்தது, எண் தெளிவில்லாமல் கிடக்கிறது. மிச்சமெல்லாம் விமானியின் இரண்டு காலில் வந்து இறங்குகிறது. அந்தக் காலைப் பழக்குகிறோமா? அமெரிக்க விதி, மாணவர் தனியே பறக்குமுன் குறுக்குக் காற்றுத் தரையிறக்கம் கற்றிருக்க வேண்டும் என்கிறது. ஏட்டில் அது இருக்கிறது. நடைமுறையில் காற்று ஓய்ந்த அதிகாலையில் மாணவரைப் பறக்கவிடுகிறார்கள், காற்று எழுந்தால் நிறுத்திவிடுகிறார்கள். தனியே பறக்கும் மாணவருக்கு அது சரியே. அப்படித்தான் செய்ய வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதும் அப்படியே செய்வதுதான் தவறு. அமைதியான காற்றில் ஐம்பது முறை இறங்கியவரின் கால்கள் மிதியில் வெறுமனே ஓய்ந்திருக்கும். உரிமம் கைக்கு வந்தபின், ஒரு பிற்பகலில், மனைவி மக்களைப் பின்னால் வைத்துக்கொண்டு வரும்போது அவர் முதன்முதலாக உண்மையான குறுக்குக் காற்றைச் சந்திக்கிறார்.

இன்னொன்று, மேலெழுந்து சுற்றிவரும் முடிவு. கோ-அரவுண்ட் என்று விமானிகள் சொல்வது. ஓடுபாதையின் நடுக்கோட்டைப் பிடிக்க முடியவில்லை, சுக்கான் போதவில்லை, தொட்டு எழும்பிவிட்டது என்றால் உடனே விசை கொடுத்து மேலே போய் மறுபடி வரலாம். வேறு பாதைக்குப் போகலாம். வேறு ஊருக்கே போகலாம். ஹாம்பர்க்கில் உயிர் காத்தது அதுதான். சிறு விமானிகள் பலர் அதைத் தோல்வியாக எண்ணிக் கூசுகிறார்கள். கீழே நண்பர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வாடகை நிமிடக் கணக்கில் ஓடும். தாமதித்து, விமானம் பாதையை விட்டுக் கோணிய பிறகு எடுக்கும் அதே முடிவு மேலே சொன்ன உயிர்ச்சேதத்தில் போய் முடிகிறது. ஆகவே எப்போது எடுப்பது என்பதையே பழக்க வேண்டும். கணக்குக்கு ஒரு முறை செய்து காட்டிவிட்டுக் கடந்துபோகும் பாடமல்ல இது.

என் முடிவு இதுதான். திசைக் கட்டுப்பாட்டை இழந்தார் என்று அறிக்கை எழுதுபவர்கள், அந்தத் தளத்தில் வேறு பாதை இருந்ததா, இருந்து மூடப்பட்டதா, விமானி கடைசியாக எப்போது 10 நாட் குறுக்குக் காற்றில் இறங்கினார் என்ற மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். இன்று விமானியின் பறப்புக் குறிப்பேட்டில் பகலில் பறந்த நேரம், இரவில் பறந்த நேரம், கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்த நேரம் என்று தனித்தனிப் பத்திகள் இருக்கின்றன. குறுக்குக் காற்றுக்கு ஒரு பத்தி இல்லை. பயிற்சிப் பள்ளி நடத்துபவர்களும் ஆசிரியர்களும் இதற்காக அரசின் ஆணையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே ஓர் அளவுகோலை வைத்துக் கோடு போட்டு, அந்தப் பத்தியைத் திறந்துவிடுங்கள். மாணவரை ஆசிரியரோடு காற்றுள்ள பிற்பகலில் மேலே அனுப்பி, அதை நிரப்பச் சொல்லுங்கள்.